ஓர் எஞ்சின் நின்றுபோனால்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் உத்தியோகமும் தொழிலும் பார்த்து வாழும் தமிழர்களுக்கு ஊர்ப் பிரயாணம் வாழ்க்கையின் ஓர் அங்கம். ஒரு காலத்தில் ரயிலே கதியாக இருந்தது. இன்றோ பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும், முன்னறிவிப்பின்றி வரும் நல்லது கெட்டதுகளுக்கும் நம்மில் பலர் விமானம் ஏறுகிறோம். அந்த விமானம் பெரும்பாலும் இரண்டு எஞ்சின்கள் கொண்டது. சன்னலோரத்தில் அமர்ந்து இறக்கையின் கீழே தொங்கும் எஞ்சினைப் பார்க்கையில், "இது நடுவானில் நின்றுபோனால் நம் கதி என்ன?" என்று நினைக்காதவர் மிகச் சிலரே. அடுத்த இருக்கைக்காரரைக் கேட்கக் கூச்சம். விமானப் பணியாளரைக் கேட்கத் தயக்கம். ஆகவே கேள்வி மனத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அக்கேள்விக்கு நேரான விடை உண்டு. ஓர் எஞ்சின் நின்றதும் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடுவதில்லை. மிஞ்சிய எஞ்சினைக் கொண்டு பறந்து ஒரு நிலையத்தில் இறங்க அதனால் இயலும். ஆனால் அது தானாக நடந்துவிடும் காரியமன்று. விமானத்தை அமைத்தவர்கள் முன்கூட்டியே போட்டு வைத்த கணக்கும், விமானி பலமுறை பழகிய பழக்கமும், தரையில் அதைப் பழுது பார்த்தவரின் கவனமும் ஒன்றுகூடினால்தான் அது நடக்கும். இவற்றில் ஒன்று தவறினாலும் இரண்டாவது எஞ்சின் இருந்தும் பயனில்லை. இது எவ்வாறு என்பதை நேயர்களுக்கு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நாம் வாழும் வைப்பின் தீவு கொச்சித் துறைமுக வாயிலின் வடகரையில் கிடப்பது. வாயிலுக்கு அப்பால் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும். அவற்றுக்குக் கிழக்கே வில்லிங்டன் தீவு. அத்தீவில்தான் நம் கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். கருடா 1953 மே 11-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு கடற்படைக்கு வந்த முதல் விமானங்கள் 'ஸீலண்ட்' என்னும் பெயருடையவை. நீரிலும் நிலத்திலும் இறங்கவல்லவை. இரட்டை எஞ்சின் கொண்டவை. இப்போது அத்தளத்திலிருந்து எழும் விமானங்களுள் கான்பூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கட்டிய டோர்னியர் 228 ஒன்று. அதற்கும் எஞ்சின்கள் இரண்டு. 2019 டிசம்பர் 2-ஆம் நாள் கடற்படையின் முதல் பெண் விமானியாகத் தகுதி பெற்ற சிவாங்கி, டோர்னியர் ஓட்டத் தகுதி பெற்றதும் இங்கேதான். இரட்டை எஞ்சின் விமானம் ஓட்டக் கற்கும் எவருக்கும் தலையாய பாடம் ஒன்றே: ஒன்று நின்றபின் மற்றொன்றைக் கொண்டு ஓட்டுவது எப்படி?

அப்பாடத்தைப் புரிந்துகொள்ள வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. காயலைப் பார்த்தாலே போதும். ஒரு வள்ளத்தில் இருபுறமும் இருவர் அமர்ந்து துடுப்புப் போடுகிறார்கள். வள்ளம் நேராகச் செல்கிறது. இடப்புறத்தவர் திடீரென்று துடுப்பை நிறுத்திவிடுகிறார். வலப்புறத்தவர் தொடர்ந்து வலிக்கிறார். உடனே என்ன நேர்கிறது? வள்ளம் மெதுவாகிறது என்பது உண்மையே. ஆனால் அதற்கும் முன்னால் அதன் முகம் இடப்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. பின்னால் இருப்பவர் தம் துடுப்பைச் சுக்கானாகப் பிடித்து அத்திருப்பத்தைத் தடுத்தால்தான் வள்ளம் மறுபடியும் நேராகும்.

விமானத்திலும் இதுவேதான். இடப்புற எஞ்சின் நின்றால், வலப்புற எஞ்சினின் உந்துதல் விமானத்தின் மூக்கை இடப்பக்கமாகத் தள்ளும். அத்துடன் நில்லாது. முகம் திரும்பும்போது வலப்புற இறக்கை விரைவாகவும் இடப்புற இறக்கை மெதுவாகவும் காற்றைக் கடக்கும். விரைந்து செல்லும் இறக்கை மேலெழும், மற்றது தாழும். ஆக, விமானம் செயலற்ற எஞ்சினை நோக்கித் திரும்பவும் செய்கிறது; அதே பக்கமாகச் சரியவும் செய்கிறது. எஞ்சின் நின்ற கணத்தில் விமானியின் முதற்கவலை குறைந்துபோன சக்தியைப் பற்றியதன்று. இருபுறமும் ஒவ்வாத இந்த உந்துதலைப் பற்றியதே.

இதற்கு மாற்று விமானத்தின் வாலில் இருக்கிறது. செங்குத்தாக நிற்கும் வாலின் பின்விளிம்பில் சுக்கான் பொருத்தப்பட்டுள்ளது. விமானியின் காலடியில் உள்ள இரண்டு மிதிகள் அதை அசைக்கின்றன. இடப்புற எஞ்சின் நின்றால் வலக்காலை அழுத்தி மூக்கை நேராக்க வேண்டும். கூடவே, இயங்கும் எஞ்சின் இருக்கும் பக்கமாக விமானத்தைச் சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும். அச்சாய்வு 5 டிகிரிக்கு மேற்படலாகாது. இருளிலும் மேகத்திலும், கருவிகள் பல ஒரேசமயத்தில் அலறும் வேளையிலும், எந்த எஞ்சின் நின்றது என்பதை விமானி தம் கால்களைக் கொண்டே அறிந்துகொள்ள ஓர் எளிய வாய்பாடு உண்டு. எந்தக் கால் வேலையின்றிச் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து எஞ்சினே நின்றது.

அடுத்தது, நின்றுபோன எஞ்சினின் சுழல் விசிறி. ஆங்கிலத்தில் புரொப்பெல்லர் எனப்படுவது. எஞ்சின் நின்றபின்னும் எதிர்க்காற்று அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். உதவி செய்த விசிறி இப்போது தடையாகிவிடுகிறது; ஓடும் வண்டியில் ஒருபக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை போட்டதுபோல. ஆகவே அதன் இதழ்களைத் திருப்பி, அகன்ற பக்கம் காற்றை எதிர்க்காமல் விளிம்பு மட்டும் காற்றை நோக்குமாறு செய்துவிடுவார்கள். வள்ளக்காரர் வலித்து முடித்த துடுப்பை முன்னுக்குக் கொண்டுவருகையில், தட்டைப் பக்கத்தைப் படுக்கையாகத் திருப்பிக் காற்றைக் கிழித்துக் கொண்டுவருவாரல்லவா? அந்தத் தந்திரமே இது. இதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் துடுப்பு வலிப்போரிடமிருந்து வந்ததேயாகும்.

இனி, சக்தியின் கணக்கு. இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றால் சக்தி பாதியாகிறது. ஆகவே விமானத்தின் மேலேறும் திறனும் பாதியாகும் என்று நினைப்பது இயல்பு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உதாரணமாக, இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து தரும் சக்தி 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஏறாமலும் இறங்காமலும் மட்டமாகப் பறக்க மட்டும் 40 பங்கு செலவாகிறது. மீதி 60 பங்குதான் விமானத்தை மேலே ஏற்றுகிறது. ஓர் எஞ்சின் நின்றால் கையிலிருப்பது 50. மட்டமாகப் பறக்க வேண்டிய 40 குறையவில்லை. எனவே மேலேற மிஞ்சுவது 10 மட்டுமே. அறுபது பத்தாகிவிட்டது, அதாவது ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது. திருப்பிய சுக்கானும் நின்றுபோன எஞ்சினும் தரும் தடை அந்தப் பத்திலும் ஒரு பகுதியைத் தின்னும். குடும்ப வரவு பாதியானால் சேமிப்பு பாதியாவதில்லை; அநேகமாக முழுதுமே கரைந்துவிடுகிறது என்பதை மாதச் சம்பளக்காரர்களான நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சக்கரங்களை மேலே இழுத்துக்கொள்ளுவதும், இறக்கையின் மடிப்புகளை உள்வாங்குவதும் இந்தச் சிறு மிச்சத்தைக் காப்பதற்காகவே.

மூன்றாவது, வேகம். வள்ளத்தை மறுபடியும் நினைத்துப் பார்ப்போம். வள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது சுக்கானை இலேசாகத் திருப்பினாலே அது பணியும். ஓட்டம் நின்றுவிட்டால் சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. நீர் அதன்மேல் பாய்ந்தால்தானே அதற்கு வலு? விமானத்தின் சுக்கானுக்கும் காற்று வேகமாகப் பாய வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே, விமானி முழு வலுவுடன் மிதித்தாலும், இயங்கும் எஞ்சினின் ஒருபக்க உந்துதலைச் சுக்கானால் எதிர்க்க முடியாது. விமானம் திரும்பிச் சரிந்து புரண்டுவிடும். சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களின் வேகமானியில் இந்த எல்லை ஒரு செந்நிறக் கோட்டால் காட்டப்பட்டிருக்கும். அதற்கு மேலே ஒரு நீலக் கோடு இருக்கும். ஓர் எஞ்சினைக் கொண்டு மிக நன்றாக மேலேறத்தக்க வேகம் அது. எஞ்சின் நின்றபின் அந்த நீலக் கோட்டைக் கண்போல் காப்பதே விமானியின் கடமை.

இதில் மனித மனத்துக்கு ஒரு பெருஞ்சோதனை இருக்கிறது. தரை நெருங்கி வருவதைக் கண்டால் மூக்கை மேலே தூக்கத்தான் கை துடிக்கும். தூக்கினால் வேகம் குறையும். வேகம் செந்நிறக் கோட்டைத் தொட்டால் கட்டுப்பாடு போய்விடும். அந்நிலை வந்துவிட்டால் இயங்கும் எஞ்சினின் சக்தியைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, முதலில் கட்டுப்பாட்டை மீட்க வேண்டும். உயிர் காக்க வந்த எஞ்சினையே அடக்க வேண்டும் என்பது கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். ஆயினும் கட்டுப்பாட்டோடு தரையில் இறங்கியவர்கள் பிழைத்திருக்கிறார்கள். கட்டுப்பாடிழந்து புரண்டு விழுந்தவர்கள் பிழைப்பது அரிது. சிறிய இரட்டை எஞ்சின் விமானங்கள் சிலவற்றுக்கு, ஓர் எஞ்சினில் மேலேறியே தீர வேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது. இரண்டாவது எஞ்சின் விபத்து நேரும் இடம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று விமானிகள் தமக்குள் கசப்போடு வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது இதனால்தான்.

ஆனால் நாம் பணம் கொடுத்து ஏறும் பிரயாணி விமானத்தின் நிலை வேறு. அங்கே மேலேறும் திறன் ஒரு கட்டாயம். இக்கட்டாயத்தின் வரலாறு சுவையானது. 1932-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ. என்ற விமானக் கம்பெனி புதிய பிரயாணி விமானம் ஒன்றைக் கட்டித் தருமாறு கேட்டது. மூன்று எஞ்சின் வேண்டும் என்பது அதன் விருப்பம். டக்ளஸ் நிறுவனம் இரண்டு எஞ்சினே போதும் என்றது. அட்லாண்டிக் கடலைத் தன்னந்தனியாக 1927-இல் கடந்த லிண்ட்பெர்க், அப்போது அக்கம்பெனியின் ஆலோசகர். கம்பெனி பயன்படுத்தும் எந்த நிலையத்திலிருந்தும், முழுச் சுமையுடன், ஓர் எஞ்சினைக் கொண்டே விமானம் எழவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1933-இல் ஏறக்குறைய 5,000 அடி உயரத்திலுள்ள வின்ஸ்லோ என்ற இடத்தில் சோதனை நடந்தது. எழும்போதே ஓர் எஞ்சினை நிறுத்திவிட்டு, மற்றதைக் கொண்டே மலைகளைக் கடந்து ஆல்புகர்க் நகரில் விமானம் இறங்கியது.

அந்த விமானத்தின் வழித்தோன்றலே டகோட்டா. அதை நம் நாட்டில் அறியாதவர் இலர். 1949-இல் தொடங்கிய இரவுத் தபால் விமானப் போக்குவரத்தில் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பும். டில்லியில் மாலையில் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாளே சென்னையை எட்டியது அவற்றின் உபயமே. 1953 ஆகஸ்டு 1-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதன் விமானங்களில் பெரும்பகுதி டகோட்டாக்களே. வேற்று மாநிலத் தமிழர் பலரின் மணியார்டரும் குடும்பச் செய்தியும் இரட்டை எஞ்சினை நம்பியே இரவில் பறந்தன.

இக்காலத்து ஜெட் விமானத்தில் அந்த வாக்குறுதி எண்களாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை எழும் முன்னும் விமானத்தின் எடை, காற்று, வெப்பநிலை, ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு 'தீர்மான வேகம்' கணக்கிடப்படும். அந்த வேகத்தை எட்டுமுன் எஞ்சின் பழுதானால் விமானி நிறுத்திவிட வேண்டும். மிச்சமுள்ள பாதையில் விமானம் நிற்கும். எட்டியபின் பழுதானால் நிறுத்த முயலவே கூடாது. மிஞ்சிய எஞ்சினைக் கொண்டு எழுந்தே தீரவேண்டும். எழுந்து சக்கரங்களை உள்வாங்கிய பிறகு, இரட்டை எஞ்சின் விமானமானால், ஆயிரம் அடி முன்னேறும்போது குறைந்தது 24 அடி உயர வேண்டும் என்பது விதி. நிற்பதற்கும் எழுவதற்கும் ஆகிய இரண்டு கணக்குகளும் ஒரே ஓடுபாதைக்குள் அடங்க வேண்டும்; அடங்காவிட்டால் சுமையைக் குறைக்க வேண்டும். ஓடுபாதை நீளமாக இருக்க வேண்டியதன் காரணங்களுள் இது ஒன்று. கொச்சியின் பிரயாணி விமானங்கள் நெடுங்காலம் நீர் சூழ்ந்த கடற்படைத் தளத்தையே பயன்படுத்தின. 1999 ஜூன் 10 முதல் அவை நெடும்பாசேரியின் 3,400 மீட்டர் நீளப் பாதைக்கு மாறின.

விதிகளை எழுதிவிட்டால் போதாது; கையும் காலும் அவற்றை அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் பிரயாணி விமானங்களின் விமானிகள் ஆண்டுக்கு இருமுறை 'ஸிமுலேட்டர்' எனப்படும் பயிற்சிக் கூண்டில் அமர்ந்து தேர்வு கொடுக்கிறார்கள். எழும் தறுவாயில் எஞ்சின் நிற்பது அத்தேர்வில் தவறாது வரும் ஒரு கேள்வி. அங்கே அவர்களுக்கு வலியுறுத்தப்படுவது வேகத்தைவிட நிதானம். முதலில் விமானத்தை நேராகப் பிடி. பாதுகாப்பான உயரம் வரை வேறு எதையும் தொடாதே. எது பழுதான எஞ்சின் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சரிபார்த்த பிறகே அதன் நெம்புகோலில் கைவை.

இந்த நிதானம் தவறினால் விளைவது என்ன என்பதற்குத் தைவான் நாட்டில் 2015 பிப்ரவரி 4-ஆம் நாள் நேர்ந்த துயரம் சான்று. தைப்பே நகரிலிருந்து எழுந்த டிரான்ஸ் ஏசியா கம்பெனியின் ஏ.டி.ஆர். விமானத்தில் வலப்புறச் சுழல் விசிறி உந்துதலை இழந்தது. அவசரத்தில் விமானி நன்றாக இயங்கிக்கொண்டிருந்த இடப்புற எஞ்சினைக் குறைத்து நிறுத்திவிட்டார். பிழையை உணர்ந்து அதை மீண்டும் இயக்க முயலுமுன் உயரம் தீர்ந்துவிட்டது. விமானம் ஆற்றில் விழுந்தது. அதிலிருந்த 58 பேரில் 43 பேர் மாண்டனர். ஓர் எஞ்சினில் பறக்கவல்ல விமானம், எஞ்சினே இல்லாத விமானமாக மனிதக் கையால் ஆக்கப்பட்டது.

எழும்போது நேரும் பழுதைப் பார்த்தோம். உயரத்தில் பறக்கும்போது நேர்ந்தால் என்ன? அங்கே அவகாசம் மிகுதி. முப்பதாயிரம் அடிக்கு மேல் காற்று மெல்லியது. ஓர் எஞ்சினால் அவ்வுயரத்தைத் தாங்க முடியாது. விமானம் மெதுவாகத் தாழ்ந்து, ஓர் எஞ்சின் தாங்கக்கூடிய உயரத்தில் நிலைகொண்டு, அருகிலுள்ள நிலையத்தை நோக்கிச் செல்லும். கடலுக்கு மேல் செல்லும்போது அருகில் நிலையம் இருக்க வேண்டுமே என்ற கவலைக்கும் விதி வகுத்திருக்கிறார்கள். 1953-இல் அமெரிக்கா வகுத்த விதிப்படி, இரட்டை எஞ்சின் விமானம் தன் வழியின் எந்த இடத்திலிருந்தும், ஓர் எஞ்சினில் 60 நிமிடத்திற்குள் ஒரு நிலையத்தை எட்டக் கூடியதாக இருக்க வேண்டும். பிஸ்டன் எஞ்சின்கள் அடிக்கடி பழுதான காலம் அது. ஜெட் எஞ்சின்களின் நம்பகம் உயர உயர, 1985-இல் அந்த எல்லை 120 நிமிடமாயிற்று. பின்னர் 180 ஆயிற்று. தேர்ந்த விமானங்களுக்கு அதற்கு மேலும் நீட்டப்பட்டுள்ளது. கொச்சியிலிருந்து லட்சத்தீவின் அகத்திக்கு ஏறக்குறைய 460 கிலோமீட்டர். அந்தக் கடற்பாதையின் நட்டநடுவில் எஞ்சின் நின்றாலும், முன்னாலோ பின்னாலோ ஒரு கரை ஒரு மணி நேரத்திற்குள் எட்டிவிடும்.

இவ்வளவு காவல் இருந்தும் விபத்து நேர்ந்ததுண்டா என்று நேயர்கள் கேட்கலாம். நேர்ந்ததுண்டு; அது நம்மவர்கள் மறக்க முடியாத விபத்து. 1976 அக்டோபர் 12-ஆம் நாள், பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸின் இரட்டை எஞ்சின் கேரவல் ஜெட் விமானத்தில், எழுந்த சிறிது நேரத்தில் வலப்புற எஞ்சின் பழுதாயிற்று. விமானிகள் உடனே பம்பாய்க்கே திரும்பினர். ஆனால் ஓடுபாதையை எட்டுமுன் விமானம் கட்டுப்பாடிழந்து விழுந்தது. அதிலிருந்த 95 பேரும் மாண்டனர். பத்ரகாளி என்னும் தமிழ்ப் படத்திலும் பல மலையாளப் படங்களிலும் நடித்த ராணி சந்திரா அவர்களுள் ஒருவர்.

மிஞ்சிய எஞ்சின் ஏன் காப்பாற்றவில்லை? காரணம், வெறுமனே ஓர் எஞ்சின் நின்றதோடு அது முடியவில்லை. எஞ்சினுள் மிகுவேகமாகச் சுழலும் உலோகத் தட்டு ஒன்றில், நாளடைவில் அயர்ச்சியால் உண்டான வெடிப்பு இருந்தது. அத்தட்டு உடைந்து சிதறியது. அதன் துண்டுகள் எரிபொருள் குழாயை அறுத்தன, தீ மூண்டது. சுக்கானையும் பிற கட்டுப்பாட்டு உறுப்புகளையும் அசைக்க உதவும் எண்ணெய் அத்தீயில் தீர்ந்துபோயிற்று. இரண்டாவது எஞ்சின் இருந்தது. அதை நடத்தும் கடிவாளம் இல்லை. இயங்கும் எஞ்சினைவிடக் கட்டுப்பாடே பெரிது என்று முன்பு சொன்னதன் பொருள் இங்கே துலங்குகிறது. எஞ்சின்களின் சுழலும் தட்டு ஒவ்வொன்றுக்கும் இத்தனை பறப்புகள்தான் ஆயுள் என்று வரையறுத்து, பார்வைக்குக் குற்றமற்று இருந்தாலும் கழற்றி எறிந்துவிடுவது இத்தகைய அயர்ச்சிக்கு அஞ்சியே. விமானம் தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும்போது, தரையில் கைவிளக்குடன் எஞ்சினை ஆராயும் தொழிலாளியை நாம் நினைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு எதிரான மற்றொரு நிகழ்ச்சியும் நமக்கு அருகிலேயே உண்டு. 2024 மே 18-ஆம் நாள் இரவு, புனேயிலிருந்து பெங்களூர் வழியாகக் கொச்சிக்கு வரவேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் பெங்களூரிலிருந்து எழுந்ததும், அதன் வலப்புற எஞ்சினில் தீ தென்பட்டது. விமானிகள் பெங்களூருக்கே திரும்பி இறங்கினர். பிரயாணிகள் 179 பேரும் பணியாளர் 6 பேரும் அவசர வழிகளால் வெளியேற்றப்பட்டனர். ஓர் உயிரும் போகவில்லை. பம்பாய்ச் செய்தி அரை நூற்றாண்டு நினைவில் நிற்கிறது. பெங்களூர்ச் செய்தியோ ஒரு வாரத்தில் மறக்கப்பட்டது. நல்லபடியாக முடிந்தவற்றை நாம் நினைவில் வைப்பதில்லை. ஆகவேதான் அச்சம் உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

2025 ஜூன் 12-ஆம் நாள் ஆமதாபாத்தில் நேர்ந்த ஏர் இந்தியா விபத்தையும் பலர் இத்துடன் சேர்த்துப் பேசுகிறார்கள். 1976-ஆம் ஆண்டு விமானத்துக்கும் இதற்கும் 171 என்ற எண் ஒன்றாக அமைந்துவிட்டதால் குழப்பம் மிகுந்தது. இரண்டும் வேறு. ஆமதாபாத்தில் ஓர் எஞ்சினன்று, இரண்டு எஞ்சின்களுமே உந்துதல் இழந்தன. இரண்டுக்கும் எரிபொருள் செல்லும் விசைகள் அடுத்தடுத்து நிறுத்த நிலைக்குச் சென்றன என்று அவ்வாண்டு ஜூலையில் வெளியான முதனிலை அறிக்கை கூறியது. விமானத்திலிருந்த 242 பேரில் ஒருவரே உயிர் தப்பினார். ஓர் எஞ்சின் நின்றால் விமானம் விழும் என்பதற்கு அத்துயரத்தைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

இறுதியாக, பிரயாணியாகிய நாம் அறியவேண்டியவை சில. எஞ்சின் ஒன்று நின்றால் ஓசை மாறும், விமானம் ஒருமுறை பக்கவாட்டில் உலுக்கி நேராகும், மேலேறுவது மந்தமாகும். அறிவிப்பு உடனே வராது. வராததைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. விமானிகள் தம் கடமைகளை வரிசைப்படி செய்கிறார்கள். நம்மிடம் பேசுவது அவ்வரிசையில் கடைசியில் வருவது. இறங்கியபின் வெளியேறுமாறு கட்டளையிட்டால் மட்டும் தாமதம் கூடாது. வழிகளில் பாதி அடைபட்டிருந்தாலும் எல்லோரும் 90 விநாடிக்குள் வெளியேற இயலுமாறு விமானம் அமைக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் பெட்டி எடுக்கும் நேரம் சேர்க்கப்படவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கும் ஊறுகாயும் மேல்தட்டில் இருக்கலாம், இருக்கட்டும். அவற்றை எடுக்க ஒருவர் நிற்கும் சில விநாடிகள் பின்னால் நிற்கும் குழந்தையுடையவை.

ஒரு கை ஓசை எழுப்பாது என்பது பழமொழி. வானத்தில் ஒரு கை ஓசை எழுப்புகிறது. ஆனால் அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத கைகள் பல இருக்கின்றன. அவற்றின் உழைப்பை அறிந்தவர், சன்னலோரத்தில் அமர்ந்து எஞ்சினைப் பார்க்கும்போது முன்போல் அஞ்சமாட்டார். வாயில் அருகே பணியாளர் தரும் பாதுகாப்பு விளக்கத்தை முன்னைவிடக் கவனமாகக் கேட்பார். இவ்விரண்டும் நேயர்களுக்கு வாய்க்குமானால் இவ்வுரை தன் கடமையைச் செய்ததாகும்.